செக்யூரிட்டி கோட் ரிவ்யூ: இல்லாத வரியைத் தேடுவது

பாதுகாப்பு ஓட்டை தேடி சோர்ஸ் கோடைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தப்பாக எழுதிய வரியைத்தான் தேடுகிறார்கள். பெரிய சேதம் செய்த ஓட்டைகளில் கணிசமானவை, எழுதியிருக்க வேண்டிய ஒரு வரியை எழுதாமல் விட்டதால் வந்தவை. இருக்கிற வரிகள் எல்லாம் சரியாகவே இருக்கும். கம்பைலர் முனகாது, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், படிக்கிறவர் கண்ணும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

2014-ல் வெளியான ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை (ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2014-0160) இந்த வகைக்கு நல்ல மாதிரி. டிஎல்எஸ் (இணையத்தில் தகவலை மறையாக்கி அனுப்பும் முறை) இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு முனை சின்னச் செய்தி அனுப்பும். மறுமுனை அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தி எவ்வளவு நீளம் என்பதையும் அனுப்புகிறவரே 2 பைட்டில் சொல்லுவார். டிஎல்எஸ் வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி அந்த நீளத்தை வாசித்தது, அதற்கேற்ற பஃபரை (தற்காலிக மெமரி இடத்தை) ஒதுக்கியது, மெம்காப்பி போட்டு நகலெடுத்தது, அனுப்பியது. நாலு வேலையிலும் குறை சொல்ல முடியாது. சொன்ன நீளமும் உண்மையில் வந்து சேர்ந்த ரெக்கார்டின் (டிஎல்எஸ் பொட்டலத்தின்) நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வரி மட்டும் இல்லை. ஒரு பைட் அனுப்பிவிட்டு அறுபதாயிரம் பைட் என்று சொன்னால், மீதியைத் தன் மெமரியில் பக்கத்தில் கிடந்ததிலிருந்து சர்வர் அள்ளிக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 64 கேபி வரை. அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், பிரைவேட் கீயும் இருக்கலாம்.

அந்தக் கோட் சேர்ந்தது 2011 டிசம்பர் 31 அன்று. 1.0.1 பதிப்பாக வெளிவந்தது 2012 மார்ச்சில். அடைபட்டது 2014 ஏப்ரல் 7 அன்று, 1.0.1ஜி பதிப்பில். இரண்டு வருஷத்துக்கு மேல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து கிடந்த கோட் அது. திருத்தத்தின் சாரம் ஒரே ஒப்பீடுதான்: வகைக்கு 1 பைட், நீளத்துக்கு 2 பைட், சொன்ன நீளம், பேடிங்குக்கு (வெறும் நிரப்பு) 16 பைட், இவற்றின் கூட்டுத்தொகை ரெக்கார்டின் நீளத்தைத் தாண்டினால் பேசாமல் தூக்கிப் போடு.

ஆகவே ரிவ்யூவில் ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் பாதையையும் பார்த்துக் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இதைச் சொன்னது யார்? சொன்னதை எந்த வரியில் சரிபார்த்தோம்? இரண்டாவது கேள்விக்கு வரி எண்ணோடு பதில் வராவிட்டால் அங்கே நிற்க வேண்டும். “மேலே எங்காவது பார்த்திருப்பார்கள்” என்பது பதிலே இல்லை. மேலே போய்ப் பார்த்து வரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் எந்த கமிட்டை (கிட் களஞ்சியத்தில் பதிவான கோடின் ஒரு நிலையை) படிக்கிறோம் என்று அதன் ஹாஷோடு (அடையாள எண்ணோடு) முடிவு செய்துகொள்ள வேண்டும். ரிவ்யூ நடந்துகொண்டிருக்கும்போதே டீம் மெயின் கிளையில் கோடைத் தள்ளிக்கொண்டிருந்தால் வரி எண் எதுவும் உதவாது. அடுத்து, அதை உங்கள் கணினியில் பில்ட் பண்ணி ஓட வைக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. ஓடாத கோடைப் படிப்பது பாதி ஊகம். ஃபிரேம்வொர்க் தானாகச் செய்வது எது, செய்யாதது எது என்பது டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால்தான் நிச்சயமாகும்.

40,000 வரி உள்ள ஒரு வெப் அப்ளிகேஷனை முதல் ஃபைலில் ஆரம்பித்து வரிசையாகப் படிப்பது வீண். வெளியிலிருந்து தகவல் உள்ளே நுழையும் வாசல்களை முதலில் பட்டியல் போடுங்கள். எச்டிடிபி ரூட்டுகள் எல்லோருக்கும் தெரியும். மறந்துபோகிறவை வேறு: ஹெடர், குக்கி, அப்லோடு செய்த ஃபைலின் பெயர், ஜிப்புக்குள் இருக்கும் ஃபைலின் பெயர், மெசேஜ் க்யூ, பேமென்ட் நிறுவனத்திடமிருந்து வரும் வெப்ஹூக், ராத்திரி ஓடும் கிரான் வேலை வாசிக்கிற சிஎஸ்வி. டேட்டாபேஸிலிருந்து வருவதும் ஒரு வாசல்தான். போன வாரம் ஒருவர் தன் பெயர் என்று பதிவு செய்த சரம், இன்று அட்மின் ரிப்போர்ட்டில் க்வெரிக்குள் ஒட்டப்படும்போது அது “நம்முடைய டேட்டா” ஆகிவிடாது.

பட்டியல் கையில் வந்ததும் அதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ஆக்குங்கள். ஒரு ரூட்டுக்கு ஒரு வரிசை. லாகின் சோதனை எந்த வரியில், ரோல் சோதனை எந்த வரியில், உரிமைச் சோதனை (கேட்கும் தகவல் இவருடையதுதானா என்பது) எந்த வரியில் என்று மூன்று பத்தி. காலியாக நிற்கும் கட்டங்கள்தான் உங்கள் முதல் வேலை. அலுப்பான வேலை என்பதால் பலர் தாண்டிப் போகிறார்கள். ஆனால் வெப் கோடில் அதிகம் தேறுவது இங்கேதான். முதல் இரண்டு பத்தியும் பெரும்பாலும் நிரம்பியிருக்கும், மூன்றாவதுதான் காலியாக இருக்கும். பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஆர்டரை ஐடி மட்டும் கொடுத்து எடுக்கிற வியூவும் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷன்), ஐடியோடு கூட லாகின் ஆன யூசரையும் நிபந்தனையாகக் கொடுத்து எடுக்கிற வியூவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னதில் 1041 என்பதை 1042 என்று மாற்றினால் அடுத்தவர் பில் வந்து நிற்கும். பக்கத்தைக் காட்டும் ரூட்டில் சோதனை வைத்துவிட்டு, அதே பில்லை பிடிஎஃப் ஆக்கும் ரூட்டில் விட்டிருப்பார்கள். எக்ஸ்போர்ட், பிரின்ட், மொபைலுக்கான பழைய வி1 ஏபிஐ ஆகிய மூன்றையும் கட்டாயம் பாருங்கள். ஐடியை மாற்றி அடுத்தவர் தகவலை எடுக்கும் இந்த வகைக்குப் பலவீனங்களின் பொதுப் பட்டியலில் உள்ள எண் சிடபிள்யூஇ-639, சோதனையே இல்லாததற்கு சிடபிள்யூஇ-862.

யுயுஐடி (நீண்ட சீரற்ற ஐடி) போட்டிருக்கிறோமே, யாராலும் ஊகிக்க முடியாதே என்பார்கள். அந்த ஐடி பகிர்ந்த லிங்கிலும் லாகிலும் ரெஃபரர் ஹெடரிலும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். ஊகிக்க முடியாத ஐடி உரிமைச் சோதனைக்கு மாற்று ஆகாது.

அதன்பின் ஒவ்வொரு வாசலில் இருந்தும் டேட்டாவின் பின்னால் நடந்து, அது போய்ச் சேரும் ஆபத்தான இடம் வரை போக வேண்டும். அந்த இடங்களை கிரெப் (சொல் தேடும் கருவி) போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்தும் தேடலாம். இரு பக்கமும் வந்து நடுவில் சந்திப்பதுதான் வேகமான வழி. சீக்வல் க்வெரியில் சரத்தை ஒட்டுவது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து, பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (க்வெரியும் மதிப்பும் தனித்தனியாகப் போகும் முறை) போட்டிருப்பார்கள். ஆனால் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டில் மதிப்புகளைத்தான் பைண்ட் பண்ண முடியும். நெடுவரிசையின் (column) பெயரையும் டேபிள் பெயரையும் முடியாது. அதனால் “எந்த நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்த வேண்டும்” என்று யூசர் தேர்ந்தெடுக்கும் ஆர்டர் பை பகுதி மட்டும் ஒட்டுப்போட்டே நிற்கும். மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கிற ப்ராஜெக்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. திருத்தம்: அனுமதித்த நெடுவரிசைப் பெயர்களைக் கோடிலேயே பட்டியலாக வைத்து, வந்த மதிப்பு அதில் இருந்தால் மட்டும் எடுப்பது. மதிப்புகளுக்குப் போடுவதுபோல் மேற்கோள் குறி போட்டு எஸ்கேப் பண்ணுவது இங்கே உதவாது.

ஃபைல் பாதையில் பைத்தானின் பாத் ஜாயினை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். இரண்டாவதாகக் கொடுக்கும் பாதை சாய்கோட்டில் ஆரம்பித்தால் முதல் பாதை முழுவதையும் அது தூக்கி எறிந்துவிடும். மேல் ஃபோல்டருக்குப் போகும் இரட்டைப் புள்ளியை மட்டும் வடிகட்டி வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். ரியல்பாத் (சுற்றுவழிகள் நீங்கிய உண்மையான முழுப் பாதை) எடுத்து, அடிப்படை ஃபோல்டரில் தொடங்குகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. அதிலும் கடைசி சாய்கோட்டைச் சேர்க்காமல் ஒப்பிட்டால், “அப்லோட்ஸ்” என்ற ஃபோல்டருக்கான சோதனையில் “அப்லோட்ஸ்-பேக்கப்” என்பதும் தேறிவிடும். ஷெல் கட்டளைகளிலும் இப்படி ஒரு அடுக்கு உண்டு. ஷெல்லைத் தவிர்த்து ஆர்க்யுமென்ட்டுகளைப் பட்டியலாகக் கொடுத்தால் செமிகோலன் ஆபத்து போகும். ஆனால் யூசர் கொடுத்த ஃபைல் பெயர் ஹைஃபனில் தொடங்கினால் அந்த நிரல் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். ஆதரிக்கிற நிரல்களில் பெயருக்கு முன் இரட்டை ஹைஃபன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எது ஆபத்தான இடம் என்பதிலும் நம் பட்டியல் எப்போதும் குறையாகத்தான் இருக்கும். லாக் எழுதுவதை 2021 டிசம்பர் வரை பெரும்பாலோர் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை. ஜாவாவுக்கான லாக் லைப்ரரியான லாக்4ஜே, 2.14.1 வரையிலான பதிப்புகள், லாக் செய்தியின் உள்ளேயே ஜேஎன்டிஐ (ஜாவாவில் பெயரைக் கொடுத்துப் பொருளைத் தேடி எடுக்கும் வசதி) குறிப்பைக் கண்டால் அதைப் பின்தொடர்ந்து வெளி சர்வருக்குப் போயின. யூசர் ஏஜென்ட் ஹெடரை லாகில் எழுதுவது தினசரி வழக்கம்; அந்த வழக்கமே தூரத்திலிருந்து கோட் ஓட்டும் வழியாக மாறியது. ஒரு லைப்ரரி ஃபங்ஷனுக்குள் யூசரின் சரம் போகிறது என்றால், அந்தச் சரத்தை அது வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறதா, அல்லது உள்ளே ஏதாவது பொருள் தேடுகிறதா என்று லைப்ரரியின் கோடைத் திறந்து பார்க்க வேண்டும். டெம்ப்ளேட், எக்ஸ்எம்எல், யாமல், பிக்கிள் எல்லாம் இந்த ரகம்.

சி கோட் என்றால் கணக்கை விரலால் போட்டுப் பார்க்காமல் நகரக் கூடாது. 64 பைட் பஃபருக்கு, “நீளம் + 8, 64-ஐத் தாண்டினால் நிராகரி” என்று சோதனை எழுதியிருக்கிறது என்று வையுங்கள். நீளம் குறியில்லாத 32 பிட் எண். 4,294,967,290 என்று அனுப்பினால் 8 கூட்டியதும் சுற்றி வந்து 2 ஆகிறது. 2 சின்ன எண், சோதனை தேறியது. கூட்டாமல், “நீளம், 64 - 8-ஐத் தாண்டினால்” என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. பெருக்கலும் அப்படியே: ஒரு உருப்படி 16 பைட் என்று எண்ணிக்கையோடு 32 பிட்டில் பெருக்கி மாலாக் மூலம் மெமரி கேட்டால், 268,435,457 என்ற எண்ணிக்கைக்குக் கிடைப்பது வெறும் 16 பைட். பின்னால் வரும் லூப் மட்டும் இருபத்தாறு கோடிக்கும் மேற்பட்ட முறை எழுதப் போகும். குறியுள்ள எண்ணாக நீளத்தை வைத்திருந்தால் -1 அனுப்பிப் பாருங்கள். மேல் வரம்புச் சோதனையைத் தாண்டி, மெம்காப்பிக்குள் போகும்போது அது பிரம்மாண்டமான எண்ணாகிவிடும். ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களில் ஸ்ட்ர்என்காப்பி தனியாக ஒரு தொல்லை: மூலச் சரம் இடத்தை நிரப்பிவிட்டால் கடைசியில் நல் பைட் போடாது. பெயரில் இருக்கும் அந்த என்-ஐப் பார்த்துப் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிழை கையாளும் பகுதியைக் கடைசியில், களைத்த கண்ணோடு படிப்பதுதான் வழக்கம். தலைகீழாகச் செய்யுங்கள். ஆப்பிள் 2014 பிப்ரவரியில் ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டு அடைத்த ஓட்டை அங்கேதான் இருந்தது. சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில், ஒவ்வொரு படியிலும் பிழை வந்தால் “ஃபெயில்” என்ற இடத்துக்குத் தாவு என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் அந்தத் தாவும் வரி இரண்டு முறை இருந்தது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது உள்தள்ளி எழுதியிருந்தாலும் நிபந்தனைக்கு வெளியே இருந்தது. எனவே எப்போதும் தாவியது, கையெழுத்தைச் சோதிக்கும் வரி ஓடவே இல்லை. இதில் உண்மையான விஷம் அந்த லேபிளின் பெயரில் இல்லை. தாவும் நேரத்தில் பிழை மாறியின் மதிப்பு 0. அந்த ஃபங்ஷனில் 0 என்றால் வெற்றி. நடுவில் எங்கிருந்து வெளியேறினாலும் “சரி” என்று சொல்லிவிடும் அமைப்பு. ஆகவே சரிபார்க்கும் ஃபங்ஷன் எதைக் கண்டாலும், திருப்பித் தரும் மாறியின் ஆரம்ப மதிப்பை முதலில் பாருங்கள். தோல்வியில் தொடங்கி, எல்லாப் படியும் முடிந்த பிறகே வெற்றியாக வேண்டும். ஜாவாவிலும் பைத்தானிலும் இதே நோய் எக்ஸெப்ஷனை விழுங்கும் கேட்ச் பிளாக்காக வரும்: டோக்கனைச் சரிபார்க்கும் சர்வர் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகிறது, உள்ளே விடுகிறோமா?

டிஃப் (கோடில் மாறியதைக் காட்டும் பட்டியல்) படிக்கும்போது, சேர்த்ததைக் காட்டும் பச்சை வரிகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட நீக்கியதைக் காட்டும் சிவப்பு வரிகளுக்குக் கிடைப்பதில்லை. 2006-ல் டெபியன் லினக்ஸ் தொகுப்பில், துவக்கப்படாத மெமரியைத் தொடுகிறது என்று வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவி புகார் சொன்னதால் ஓப்பன்எஸ்எஸ்எல் ரேண்டம் எண் கோடிலிருந்து வரிகளை எடுத்தார்கள். அதில் ஒன்று, ரேண்டம் குளத்துக்குள் எல்லா விதையையும் கொண்டு சேர்க்கும் வரி. மிஞ்சியது பிராசஸ் ஐடி மட்டும். ஒரு வகைக் கணினிக்கும் ஒரு கீ நீளத்துக்கும் சுமார் 32 ஆயிரம் கீகளே சாத்தியம் என்றானது. 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும்வரை அப்படியே இருந்தது. வரியை நீக்கும் கமிட்டுக்கு, அந்த வரி எதற்காக வந்தது என்பதை கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியும் எந்த கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) பின்னோக்கிப் போய்ப் படித்தே ஒப்புதல் கொடுக்க வேண்டும். லின்ட்டர் (கோடில் குறை காட்டும் கருவி) புகாரை வாயடைக்க என்று கமிட் செய்தி சொன்னால் இரட்டிப்புக் கவனம்.

வேண்டுமென்றே வைப்பவர்களும் உண்டு. 2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னலின் சிவிஎஸ் (பழைய கோட் களஞ்சிய முறை) நகலில் யாரோ நுழைத்த இரண்டு வரியில், யூஐடி (யூசர் எண்; 0 என்றால் முழு அதிகாரமுள்ள ரூட்) 0-தானா என்று ஒப்பிடுவதுபோல் தெரிந்த இடத்தில் == பதிலாக = இருந்தது. ஒப்பிடவில்லை, அழைத்தவரை ரூட் ஆக்கியது. மூலக் களஞ்சியத்தோடு நகல் பொருந்தாததால்தான் பிடிபட்டது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் நிரலில் வெளிப்பட்ட பின்கதவு இன்னும் தந்திரமானது: 5.6.0, 5.6.1 பதிப்புகளில் சரக்கு டெஸ்ட் ஃபைல்களுக்குள் ஒளிந்திருந்தது. அதை எடுத்து இயக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் வெளியீட்டு டார்பாலில் (பதிப்பாக வெளியிடும் தொகுப்பு ஃபைலில்) இருந்தது, கிட்டில் இல்லை. கிட்டை மட்டும் படித்து ரிவ்யூ முடித்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எதை நிறுவப் போகிறோமோ அந்தத் தொகுப்பை விரித்து, அதே டேகின் கிட் நகலோடு டிஃப் போட்டுப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கை வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தனியாக ஒரு சுற்று கேட்க வேண்டும். பணம், கூப்பன், ஸ்டாக், ஓடிபி முயற்சி எண்ணிக்கை ஆகியவற்றைத் தொடும் இடங்கள் மட்டும் போதும். இருப்பை வாசி, போதுமா பார், கழி என்று மூன்று தனி அடியாக எழுதியிருந்தால், இடையில் இன்னொரு கோரிக்கை புகுந்து அதே இருப்பை வாசிக்கும். டிரான்ஸாக்ஷன் போட்டிருக்கிறோம் என்ற பதில் போதாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பான ரீட் கமிட்டட் நிலையில் (கமிட் ஆனதை மட்டும் வாசிக்கும், பூட்டாத நிலை) இது நடக்கும். அந்த ரோவைப் பூட்டி வாசிக்க வேண்டும், அல்லது “இருப்பு 500-க்குக் குறையாமல் இருந்தால் 500 கழி” என்று ஒரே அப்டேட்டில் எழுதி, எத்தனை ரோ மாறியது என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் விட்டால், திருத்தம் பாதியில் நிற்கிறது.

செம்கிரெப், கோட்க்யூஎல் போன்ற, கோடைத் தானாக அலசும் கருவிகளைத் தொடக்கத்தில் ஓட்டிவிட்டு அதன் பட்டியலைச் சரிபார்ப்பதையே ரிவ்யூ என்று சொல்வது இப்போது பரவலாகிவிட்டது. அவை ஒட்டுப்போட்ட க்வெரியைப் பிடிக்கும். 1042 யாருடைய பில் என்பது அவற்றுக்குத் தெரியாது. கருவியின் நல்ல பயன் நடுவில்தான்: கையால் ஒரு ஓட்டை கண்டதும் அதே வடிவத்துக்கு ஒரு விதி எழுதி மொத்தக் கோடிலும் ஓட்டுங்கள். ஒருவர் ஓரிடத்தில் மறந்ததைக் காப்பி-பேஸ்ட் நாலு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ தேடுவதற்கு கிட்லீக்ஸை முழு வரலாற்றின் மீதும் ஓட்ட வேண்டும். கடைசி கமிட்டில் அழித்துவிட்டதால் பழைய கமிட்டில் இருப்பது போய்விடாது, அந்தக் கீயை மாற்றத்தான் வேண்டும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. மணிக்கு 200 முதல் 400 வரி; அதற்கு மேல் போனால் கண் ஓடுகிறது, மனம் படிப்பதில்லை. கிரிப்டோ, பார்சர் கோடுக்கு அதிலும் பாதி.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ஓட்டைக்கும் கமிட் ஹாஷ், ஃபைல், வரி, தாக்குபவருக்கு முன்கூட்டியே என்ன அனுமதி இருக்க வேண்டும், நடத்திக்காட்டும் கோரிக்கை, விளைவு, பரிந்துரைக்கும் திருத்தம் ஆகியவை இருக்க வேண்டும். “உள்ளீட்டைச் சரிபார்க்கவும்” என்று எழுதுவது பரிந்துரை அல்ல. எந்த வரிக்கு முன், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். நடத்திக்காட்ட முடியாததை அப்படியே சொல்லித் தனிப் பகுதியில் வையுங்கள். பார்க்காமல் விட்ட ஃபோல்டர்களின் பெயரும் வேண்டும். அது இல்லாத ரிப்போர்ட்டை மேனேஜர் “எல்லாம் சுத்தம்” என்று படித்துக்கொள்வார்.

பேட்ச் வந்ததும் வேலை இன்னொரு சுற்று இருக்கிறது. லாக்4ஜே 2.15.0 முதல் திருத்தம். சில அமைப்புகளில் அது போதவில்லை என்று 2.16.0 வந்தது, பிறகு முடிவில்லாச் சுழற்சியால் சர்வரை முடக்கும் பிரச்சினைக்காக 2.17.0. எனவே பழைய தாக்குதல் கோரிக்கை இப்போது தோற்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு எழுத்தைத் தடுத்திருந்தால் அதை யூஆர்எல் என்கோடிங்கில் அனுப்பிப் பாருங்கள், இரட்டை என்கோடிங்கிலும். ஒரு ரூட்டில் சோதனை சேர்த்திருந்தால் அதே தரவைத் தொடும் மற்ற ரூட்டுகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் மறுபடி பார்த்து, மூன்றாவது பத்தியில் புது வரி எண்ணை எழுதுங்கள். நடத்திக்காட்டிய கோரிக்கையை டெஸ்ட்டாக மாற்றி, பேட்ச் இல்லாத கமிட்டில் அது தோற்கிறது, பேட்ச் உள்ளதில் பாஸ் ஆகிறது என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே அந்த டிக்கெட்டை மூடலாம்.